கோப்பின் கனமும் மனுவின் வலுவும்

அமெரிக்காவுக்குப் படிக்கப் போய், ஆய்வாளராகி, அங்கேயே தங்கிவிட்ட நம்மவர் வீடுகளில், எத்தனை முறை வீடு மாற்றினாலும் தூக்கிப் போட மனம் வராத பொருள் ஒன்று இருக்கும். கராஜின் மூலையில் அட்டைப்பெட்டிக்குள், கல்யாண ஆல்பத்துக்கு அடியில் கிடக்கும் கனத்த காகிதக் கட்டு அது. தாள்களின் தலைப்பக்கம் இரண்டு துளை, அதில் கோத்து மடக்கிய தகரப் பட்டை, அடிப்பக்கம் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் எண்ணிட்ட ஒட்டுத்தாள்கள். பிரித்தால் பழைய ஜெராக்ஸ் வாசனை இன்னும் லேசாக எழும். பச்சை அட்டைக்காக ஐ-140 படிவத்தோடு குடிவரவுத் துறைக்குப் போன மனுவின் வீட்டுப் பிரதி அது. அந்த வாசனை ஒரு தலைமுறையின் இரவுகளை நினைவுக்குக் கொண்டுவரும். நடுராத்திரியில் கிங்கோஸ் கடையில் நின்று பக்கம் பக்கமாகப் பிரதி எடுத்தவர்கள், சாப்பாட்டு மேசையைக் காலி செய்து தாள்களை அடுக்கிய தம்பதிகள், பதினேழாவது சான்றைக் காணோம் என்று கட்டில் அடிவரை தேடிய பதற்றம். கூரியர் அலுவலகத்தில் எடை போடும்போது கட்டின் கனம் கூடக் கூட நம்பிக்கையும் கூடியது. அந்த நம்பிக்கை அப்போதும் சரியில்லை, இப்போதும் சரியில்லை. தாள்களின் எண்ணிக்கை மனுவுக்கு வலு சேர்ப்பதில்லை. செய்த வேலை, அதை எடுத்துப் பயன்படுத்தியவர், அதனால் ஏற்பட்ட மாற்றம் ஆகிய மூன்றையும் முன்பின் தெரியாத ஒருவர் தொடர்ந்து பார்க்கும்படி காட்டுவதுதான் வலு.

அன்று சான்று திரட்டுவதே உடல் உழைப்பாக இருந்தது. தன் கட்டுரையை வேறு யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று அறிய, பல்கலைக்கழக நூலகத்தில் ‘சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ தொகுதிகளைப் புரட்ட வேண்டும். யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் கொண்டுவந்த அந்த அட்டவணை, தொலைபேசி டைரக்டரி மாதிரி பொடி எழுத்தில் பத்தி பத்தியாக இறங்கும். முதல் ஆசிரியரின் கடைசிப் பெயர், அதன் கீழ் கட்டுரை வந்த ஆண்டும் இதழும், அதற்கும் கீழ் அதைக் குறிப்பிட்டவர்களின் வரிசை. இரண்டாவது ஆசிரியராக இருந்தவர் தன்னை இன்னொருவர் பெயருக்குக் கீழேதான் தேட வேண்டும். நம்மவர்களுக்கு இதில் தனித் தொல்லை ஒன்றும் உண்டு. அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொண்டு வந்தவருக்கு, பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து கடைசிப் பெயராகியிருக்கும். ஊரில் ரா. முருகன் என்று அறியப்பட்டவர், அட்டவணையில் ஓரிடத்தில் ‘முருகன் ஆர்.’ என்றும் இன்னோரிடத்தில் ‘ராமசாமி எம்.’ என்றும் இரண்டு ஆளாகக் கிடப்பார். இருவரும் ஒருவரே என்று விளக்கும் ஒரு பக்கக் குறிப்பு, பல பத்திரங்களைவிட மனுவுக்கு அவசியமாக இருந்தது. இன்று கூகுள் ஸ்காலர் ஒரு நிமிடத்தில் பட்டியல் தருகிறது. 2012-இல் வந்த, ஆய்வாளருக்குத் தனி அடையாளம் தரும் ஆர்க்கிட் எண் பெயர்க் குழப்பத்தைப் பெருமளவு தீர்க்கிறது. துளை போடாதீர்கள், ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள், ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கிறது என்று குடிவரவுத் துறையே இப்போது கேட்டுக்கொள்கிறது. பழக்கங்கள் இப்படித் தலைகீழாக மாறின. ஆனால் அந்த ஒரு பக்கக் குறிப்பு செய்த வேலை, அதாவது சான்றையும் ஆளையும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் முடிச்சுப் போடும் வேலை, இன்றும் அப்படியே இருக்கிறது.

சட்டம் எதைக் கேட்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால் இது இன்னும் விளங்கும். வேலைவாய்ப்பு வழிக் குடியேற்றத்தின் முதல் பிரிவான ஈபி-1-ஐப் பேச்சுவழக்கில் ‘ஐன்ஸ்டைன் விசா’ என்கிறார்கள். அந்தப் பெயரே பலரை மிரட்டி விலக்கிவிடுகிறது. 1933-இல் பிரின்ஸ்டனுக்கு வந்த ஐன்ஸ்டைனே நிரந்தரமாகத் தங்குவதற்காக 1935-இல் பெர்முடாவுக்குப் போய், அங்கிருந்த அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் விண்ணப்பித்துத்தான் திரும்பினார். அந்தக் காலத்தில் இந்தியர்களுக்குக் கதவு ஏறக்குறைய சாத்தியே இருந்தது. 1946-இல் வந்த சட்டம் ஆண்டுக்கு 100 இந்தியர்களுக்கு மட்டும் இடம் தந்தது. 1965-இல் நாட்டு வாரியான பழைய ஒதுக்கீடு நீங்கியது. இன்றைய முறை 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. வேலைவாய்ப்பு வழியாக ஆண்டுக்குச் சுமார் 1,40,000 விசாக்கள், அதில் 28.6 சதவீதம் முதல் பிரிவுக்கு. அசாதாரணத் திறனுக்கான ஈபி-1ஏ-வில் நோபல் போன்ற பெரும் பரிசு இருந்தால் அது போதும். இல்லாவிட்டால் பத்து அளவுகோல்களில் மூன்றையாவது காட்ட வேண்டும். ஆய்வாளர்கள் பெரும்பாலும் கைவைப்பது ஆய்வுக் கட்டுரைகள், பிறர் படைப்பை மதிப்பிட்ட அனுபவம், துறையில் பெரும் முக்கியத்துவமுள்ள சொந்தப் பங்களிப்பு என்ற மூன்றில்தான். சிறந்த பேராசிரியர், ஆய்வாளர்களுக்கான ஈபி-1பி-யில் ஆறில் இரண்டு போதும், ஆனால் மூன்றாண்டு அனுபவமும் வேலை தரும் நிறுவனமும் வேண்டும். ஐன்ஸ்டைனுக்கு மட்டுமான பட்டியல் இல்லை இது. சான்று காட்டக்கூடியவர்களுக்கான பட்டியல்.

அந்தச் சான்று எப்படிப்பட்டது என்பதற்கு, 2010-இல் ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த கசாரியன் வழக்கைவிடத் தெளிவான பாடம் கிடையாது. மனுதாரர் ஆர்மீனியாவிலிருந்து வந்த கோட்பாட்டு இயற்பியலாளர். அவருக்குப் பரிந்துரைக் கடிதம் தந்தவர்களில் கால்டெக் பேராசிரியர் கிப் தார்னும் ஒருவர், பின்னாளில் 2017-இல் நோபல் பரிசு பெற்றவர். அந்தக் கடிதம் பாராட்டத்தான் செய்தது. ஆனால் நல்ல ஆய்வுப் பல்கலைக்கழகம் ஒன்றின் இளம் பேராசிரியரிடம் எதிர்பார்க்கத்தக்க தரம் என்ற அளவோடு நின்றது. சட்டத்தில் இல்லாத கூடுதல் நிபந்தனைகளை இரண்டு அளவுகோல்களில் துறை புகுத்தியது தவறு என்று நீதிமன்றம் மனுதாரர் பக்கம் பேசியது. ஆனாலும் மூன்றாவது அளவுகோல் நிறைவேறவில்லை என்று நிராகரிப்பை உறுதிசெய்தது. பெரும் முக்கியத்துவமுள்ள பங்களிப்பு என்பதை நிறுவக் கடிதங்கள் மட்டும் போதவில்லை. கையெழுத்திட்டவரின் புகழ், அவர் எழுதாமல் விட்டதை ஈடுசெய்யாது என்பது இதில் தெரியும் உண்மை. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு துறை இரண்டு படிகளாக ஆராயத் தொடங்கியது. முதலில் அளவுகோல்களை எண்ணுவது, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து எடைபோடுவது. கட்டைப் பருமனாக்கினால் முதல் படியை ஒருவேளை தாண்டலாம். இரண்டாவது படியில் கைகொடுப்பது சான்றுகள் ஒன்றுக்கொன்று பேசும் தொடர்ச்சிதான்.

இதைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். நிலத்தடி நீரிலிருந்து ஆர்செனிக்கைப் பிரிக்கும் சவ்வு ஒன்றைத் தயாரிக்கும் முறையை ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் கட்டுரையை இரண்டு பேர் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒருவர் முன்னுரையில், இத்துறையில் பல முயற்சிகள் நடந்துள்ளன என்று சொல்லி [4–11] என்று எட்டுக் கட்டுரைகளை ஒரே அடைப்பில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். இன்னொருவர் செய்முறைப் பகுதியில், [7]-இல் சொல்லப்பட்ட வழியிலேயே எங்கள் சவ்வைத் தயாரித்தோம், வேறு வழிகளில் அது சீக்கிரம் அடைத்துக்கொண்டது என்று எழுதுகிறார். கணக்கில் இரண்டும் ஒவ்வொன்றுதான். ஆனால் இரண்டாவது வாக்கியம் ஒரு சாட்சியம். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, அந்த வரியை மஞ்சள் மையால் அடையாளமிட்டு வைத்தால் அதிகாரிக்கு வேதியியல் தெரிய வேண்டியதில்லை. கடிதங்களும் அப்படியே. வழிகாட்டிப் பேராசிரியர், என் மாணவர்களில் முதல் ஐந்து சதவீதத்தில் ஒருவர் என்று எழுதுவது அன்பின் வெளிப்பாடு. வேறொரு நாட்டு ஆய்வகத் தலைவர், இவரை நான் நேரில் சந்தித்ததில்லை, கட்டுரையைப் படித்துத்தான் அறிவேன், இந்த முறைக்கு மாறிய பிறகு மூன்று நாள் பிடித்த தயாரிப்பு ஒரே நாளில் முடிகிறது என்று எழுதினால், அதில் ஆளும் வேலையும் விளைவும் மூன்றும் இருக்கின்றன. முந்தைய கடிதமும் வேண்டியதுதான். வேலையில் இவர் பங்கு எது, குழுவின் பங்கு எது என்று உள்ளிருந்து சொல்ல அவரால்தான் முடியும். இரண்டு கடிதங்களுக்கும் இரண்டு வேலை.

எவ்வளவு சொன்னாலும் கடைசியில் எண்ணிக்கைதானே பேசும் என்பார்கள். கூகுள் ஸ்காலர் 2004-இலும், மேற்கோள்களை ஒற்றை எண்ணாக்கும் ஹெச்-இண்டெக்ஸ் 2005-இலும் வந்த பிறகு இந்த எண்ணம் வேரூன்றிவிட்டது. மனுப் போடலாமா என்று கேட்டால் முதல் பதிலே, உங்களுக்கு எத்தனை சைட்டேஷன் என்பதாகத்தான் இருக்கிறது. எண்ணிக்கை ஒரு சான்றுதான், மறுக்கவில்லை. ஆனால் தனியாக நிற்கும் எண்ணுக்குப் பொருள் கிடையாது. மருத்துவ உயிரியலில் சாதாரணமாக வந்துசேரும் எண்ணிக்கை, தூய கணிதத்தில் ஒருவரின் வாழ்நாள் சேமிப்பாக இருக்கலாம். பெரிய கூட்டுத் திட்டக் கட்டுரையில் முப்பதாவது பெயராக இருந்து பெற்ற மேற்கோளும், முதல் ஆசிரியராகப் பெற்ற மேற்கோளும் ஒன்றாகாது. ஆகவே அதே துறையில், அதே ஆண்டில் வெளியான கட்டுரைகளோடு ஒப்பிட்டு, தன் கட்டுரை எங்கே நிற்கிறது என்று காட்ட வேண்டும். அப்படிக் காட்டும்போது எண்ணும் ஒரு சாட்சியாகிறது. எண்ணிக்கை குறைந்தவர்களுக்கு இதில் ஆறுதலும் உண்டு. காப்புரிமை ஒரு தொழிற்சாலையில் பயன்பட்டிருக்கலாம், மென்பொருளைப் பிற ஆய்வகங்கள் தரவிறக்கி ஓட்டிக்கொண்டிருக்கலாம், ஒரு வழிகாட்டு நெறிமுறையில் இவர் முடிவு இடம்பெற்றிருக்கலாம். மேற்கோள் கணக்கு பிடிக்காத தாக்கங்கள் இவை.

இன்னொரு தயக்கம் வாதத்தில் வெளிவராது, மனசுக்குள்ளேயே இருக்கும். நிறைகுடம் தளும்பாது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தன் பெருமையைத் தானே எழுதக் கை வராது. ஆய்வுலகமும் அதே அடக்கத்தைத்தான் பழக்குகிறது. கட்டுரையில் ‘நாங்கள்’ என்றே எழுதிப் பழகியவர், ‘நான்’ என்று மனுவில் எழுதும்போது கூசுகிறார். இந்தக் கூச்சம் மதிக்கத்தக்கது. ஆனால் இங்கே இடம் தவறி வருகிறது. தற்புகழ்ச்சி என்பது ஆதாரம் இல்லாமல் அடைமொழி சேர்ப்பது. நான் இதைச் செய்தேன், இன்னார் இதற்காக இதைப் பயன்படுத்தினார், இதோ அந்தப் பக்கம் என்று சொல்வது கணக்கு ஒப்படைப்பது மாதிரி. சொல்லப்போனால் அடக்கமுள்ளவர் எழுதும் மனுவே நல்ல மனுவாக வாய்ப்பு அதிகம். உலகப் புகழ் பெற்ற, புரட்சிகரமான, ஈடிணையற்ற போன்ற சொற்களை அவர் தவிர்ப்பார். ஆதாரத்துக்கு மேல் ஒரு சொல்லும் கூட்டமாட்டார். கூட்டுப் பணியில் தன் பங்கை மட்டும் பிரித்துச் சொல்வதும் நேர்மைதான். குழுவின் உழைப்பையெல்லாம் தன் பெயரில் எழுதினால் அது பொய். தன் பங்கையே எழுதாமல் விட்டால் அதிகாரி அதைத் தானாக ஊகித்துக்கொள்ளப் போவதில்லை.

தன் வேலை சின்ன வேலை, அதற்கு நாட்டளவில் என்ன முக்கியத்துவம் என்று ஒதுங்குபவர்களும் உண்டு. இவர்களுக்குத் தேசிய நலன் அடிப்படையிலான விலக்கு, நம்மவர் வாயில் என்.ஐ.டபிள்யூ., என்ற இரண்டாம் பிரிவு வழி இருக்கிறது. 1998-இல் பாலப் பொறியாளர் ஒருவரின் மனுவில் பிறந்த கடுமையான விதி நெடுநாள் இதை ஆண்டது. 2016-இன் கடைசி வாரத்தில் தனசார் என்ற முடிவு அந்த விதியை நீக்கிவிட்டு மூன்று கேள்விகளை வைத்தது. எடுத்துக்கொண்ட முயற்சிக்கு உண்மையான மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் உண்டா, அதை முன்னெடுத்துச் செல்லும் நிலையில் இவர் இருக்கிறாரா, வேலைவாய்ப்பு நிபந்தனையைத் தளர்த்துவது மொத்தத்தில் நாட்டுக்கு நன்மையா. அந்த மனுதாரர் விண்வெளிப் பொறியியல் ஆய்வாளர், ஆசிரியரும்கூட. ஆய்வுக்குத் தேசிய முக்கியத்துவம் உண்டு என்று ஏற்ற மேல்முறையீட்டு அலுவலகம், அவர் வகுப்பெடுப்பதற்கு மதிப்பு உண்டென்றாலும், அது கல்வித் துறையையே பரவலாகத் தொடும் என்பதற்குச் சான்று இல்லை என்று சொல்லிவிட்டது. கற்பித்தல் தாழ்ந்தது என்று இதற்குப் பொருளில்லை. விளைவு நான்கு சுவருக்கு வெளியே போகிறதா என்பதைத்தான் பார்த்தார்கள். ஆர்செனிக் சவ்வு ஒரு சின்ன வேலைதான். குடிநீர் பற்றிய அரசின் அறிக்கைகளோடும், அதைச் சோதித்துப் பார்க்க முன்வந்த அமைப்பின் கடிதத்தோடும் அதைச் சேர்த்து வைத்தால் முக்கியத்துவம் தானே தெரியும். வேலையின் அளவைக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, அது எங்கே போய்ச் சேருகிறது என்று காட்டினால் போதும்.

எல்லாம் படிக்கும் அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது என்ற சலிப்பும் பரவலாக இருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு மனுக்களில் ஒன்று ஏற்கப்படுவதும் ஒன்றுக்குக் கூடுதல் சான்று கேட்டு ஆர்.எஃப்.இ. வருவதும் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் 2010-இல் சவாதே என்ற முடிவு உறுதிப்படுத்திய அளவுகோலைப் பாருங்கள். சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிரூபிக்க வேண்டியதில்லை. சொல்வது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். இது மனுதாரருக்குச் சாதகமான தராசு. அதைப் பயன்படுத்த முடியாமல் போவது பெரும்பாலும் அச்சில் வார்த்த மாதிரியான மனுக்களால்தான். ஐந்து பேர் பெயரில் வந்த ஐந்து கடிதங்களிலும் ஒரே உவமை, ஒரே அடைமொழி, ஒரே வாக்கிய அமைப்பு இருந்தால், எழுதியது ஒரே கை என்று யாருக்கும் தெரியும். அப்போது ஐந்து சாட்சிகளும் ஒரு சாட்சியாகச் சுருங்கிவிடுகிறார்கள். கணினியே கடிதம் எழுதித் தரும் இந்நாளில் இந்த ஆபத்து பெருகியிருக்கிறது. வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவதும் சரியில்லை. சட்டத்தின் சந்துபொந்துகள் வக்கீலுக்குத் தெரியும். எந்த மேற்கோள் உயிருள்ளது, எது வெறும் மரியாதை என்பது ஆய்வாளருக்கு மட்டுமே தெரியும்.

கடைசியாக ஒரு கேள்வி, இது நியாயமான வலியிலிருந்து வருவது. இந்தியாவில் பிறந்தவருக்கு மனு ஏற்கப்பட்டாலும் பச்சை அட்டை கிடைத்துவிடுமா? ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஏழு சதவீதம் என்ற உச்சவரம்பால் இரண்டாம் பிரிவில் காத்திருப்பு பத்தாண்டைத் தாண்டி நீள்கிறது. மாதாமாதம் விசா புல்லட்டினில் தேதி நகர்ந்ததா என்று பார்ப்பது பல குடும்பங்களில் அமாவாசை பார்ப்பது போல ஆகிவிட்டது. எவ்வளவு நல்ல மனுவும் இந்த அநீதியைச் சரிசெய்யாது. அதைச் செய்ய வேண்டியது அமெரிக்க நாடாளுமன்றம். ஆனாலும் ஏற்கப்பட்ட மனு வீணாவதில்லை. வரிசையில் இடத்தைக் குறிக்கும் அதன் முன்னுரிமைத் தேதியைப் பின்னால் போடும் இன்னொரு மனுவுக்கும் பெரும்பாலும் கொண்டுபோகலாம். ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர் ஆறாண்டுக்குப் பிறகும் நீட்டிப்புப் பெறலாம். 2015 முதல், ஹெச்-4 விசாவிலிருக்கும் அவருடைய மனைவியோ கணவனோ வேலை அனுமதி கேட்கலாம். ஈபி-1ஏ-வும் என்.ஐ.டபிள்யூ.வும் ஆய்வாளர் தாமே போட்டுக்கொள்ளும் மனுக்கள். நிறுவனம் மாறினாலும் ஆய்வு அதே திசையில் தொடரும்வரை அவை கையில் இருக்கும். ஒரு முதலாளியின் தயவில் மட்டும் நிற்க வேண்டியதில்லை என்ற நிலை, வரிசை நீளமாக இருக்கும் நாட்களில்தான் அதிகம் உதவுகிறது.

கராஜில் கிடக்கும் அந்தப் பழைய கட்டைப் பிரித்துப் பார்த்தால், அதில் முக்கால்வாசித் தாளை எடுத்துவிட்டாலும் மனு நின்றிருக்கும் என்று தெரியும். நிற்க வைத்தவை சில பக்கங்கள்தான். யாரோ ஒரு தூரதேசத்து ஆய்வாளர் எழுதிய ஒரு கடிதம், கோடிட்ட சில மேற்கோள்கள், மதிப்பீட்டுக்கு நன்றி சொல்லி ஓர் இதழ் அனுப்பிய குறிப்பு. அவற்றையெல்லாம் அன்று மனு எழுத உட்கார்ந்த பிறகு அலைந்து தேடினார்கள். இப்போது ஆய்வு தொடங்கும் தம்பி தங்கைகள் அவ்வளவு அலைய வேண்டாம். உங்கள் முறையைக் கேட்டு யாராவது மின்னஞ்சல் அனுப்பினால் அழிக்காதீர்கள். நீங்கள் மதிப்பிட்ட ஒவ்வொரு கட்டுரைக்கும் வந்த நன்றிக் கடிதத்தைச் சேமித்து வையுங்கள். முதல் கட்டுரையிலிருந்தே உங்கள் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். உங்கள் வேலை யாருக்குப் பயன்பட்டது என்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பக்கம் எழுதிவையுங்கள். மனுப் போடும் நாள் வந்தால் அந்தப் பக்கங்கள்தான் மனு.